கங்கப்பன் கடல் கடந்து சோறு தேடிய கதை

ஓசூர் சிப்காட்டில் கங்கப்பன் வேலை பார்க்கும் கம்பெனியில், வெளியூர் கிளம்பும் எவனும் டிக்கெட் எடுத்த கையோடு முதலில் அவருக்குத்தான் போன் போடுவான். "கங்கண்ணா, இந்தூர் போறேன். எங்க சாப்புடலாம்?" என்பான். இவரும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் இறங்கு, மூன்றாவது சந்து, நீலக் கதவு, பன்னிரண்டரைக்குள் போ, அப்புறம் போனால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர்தான் கிடைக்கும் என்று விலாவாரியாகச் சொல்வார். மெஷினைப் பற்றிக் கேட்டால்கூட இவ்வளவு ஆசையாகப் பதில் சொல்லமாட்டார்.

ஊர் பாகலூர் பக்கம். தகப்பனார் கூலி வேலை செய்து வளர்த்தார். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், கம்பெனியில் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் பேசுவார். கம்பெனி செய்வது பாக்கெட் போடும் மெஷின்கள். சிப்ஸ், பருப்பு, சோப்புத்தூள் எதைக் கொட்டினாலும் எடை போட்டு, அடைத்து, ஒட்டி, வெட்டிக் கீழே தள்ளும். விற்ற இடத்துக்கே போய் அதைப் பூட்டி ஓடவிட்டுத் திரும்புவது கங்கப்பனின் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அப்படி ஊர் ஊராகச் சுற்றியதில் அவர் சேர்த்த சொத்து என்று பார்த்தால், நாடு முழுக்க இருக்கும் நல்ல மலிவான சாப்பாட்டுக் கடைகளின் விலாசம்தான்.

கடை கண்டுபிடிக்க அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. லாட்ஜில் இருப்பவனிடம் கேட்கக் கூடாது, அவன் கமிஷன் வருகிற இடத்தைக் காட்டுவான். மெனு கார்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். மூட்டை தூக்குகிறவன் எங்கே போகிறான் என்று பார்த்து அவன் பின்னாலேயே நடக்க வேண்டும். உடம்பை நம்பிப் பிழைக்கிறவன் வயிற்றைக் கெடுக்கிற கடைக்குப் போகமாட்டான் என்பார். இந்தச் சட்டம் இதுவரை அவரைக் கைவிட்டதில்லை. நாக்கும் சும்மா நாக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடல் கறி இல்லையென்றால் திங்கட்கிழமை மெஷின்களெல்லாம் அவரிடம் திட்டு வாங்கும்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் போன புரட்டாசியில் வாயைக் கட்டவேண்டி வந்தது.

ஒரே மகள் சுவேதா. ராயக்கோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. மூன்றாவது முறை எட்டாம் மாதம் தொட்டதும் தாய் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். கங்கப்பன் மனைவி நாராயணம்மா பெருமாளிடம் நேர்ந்துகொண்டாள்: இந்தப் புரட்டாசி முழுக்க நானும் இவரும் கவிச்சி தொடமாட்டோம், பிள்ளையைப் பத்திரமாக எங்கள் கையில் கொடு. அந்தப் பக்கம் புரட்டாசி மாதம் முழுக்கக் கறி வாசனையே வராத வீடுகள் நிறைய உண்டு. கங்கப்பன் வீட்டில் அதுவரை சனிக்கிழமையோடு சரி. இந்தத் தடவை அவர் மறுபேச்சு பேசவில்லை. மகள் விஷயத்தில் அவருக்கு எதிர்ப்பேச்சு வராது.

புரட்டாசி பிறந்து மூன்றாம் நாள் கம்பெனியில் கூப்பிட்டு, ட்ரினிடாடில் ஒரு மெஷின் பூட்ட வேண்டும், போர்ட் ஆஃப் ஸ்பெயின் என்கிற ஊர், இருபத்தைந்து நாள் வேலை என்றார்கள். கூட ஹரீஷ்குமார் என்ற இளம் இன்ஜினியர் வந்தான். கங்கப்பன் மேப்பில் பார்த்தார். சுற்றிலும் கடல். கடலைப் பார்த்ததுமே அவருக்கு மீன் ஞாபகம் வந்து, கூடவே நேர்த்திக்கடனும் ஞாபகம் வந்தது.

முதல் நாளே ஹரீஷ்குமார் பொரித்த கோழி விற்கும் ஒரு கடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஐக்கியமாகிவிட்டான். தங்கிய ஓட்டலில் காலை டிபனுக்குச் சொன்ன விலையில் பாகலூரில் ஒரு சின்ன நிச்சயதார்த்தத்தை முடித்துவிடலாம். கங்கப்பன் வாழைப்பழமும் பிரெட்டும் தின்று ஒரு நாளை ஓட்டினார். மறுநாள் விடிந்ததும் இறங்கித் துறைமுகத்துப் பக்கம் நடந்தார். சுமை இறக்குகிற நாலு பேர் பேசிக்கொண்டே போக, இவர் பின்னாலேயே போனார். தெருமுனையில் ஒரு தள்ளுவண்டி. குடைக்குக் கீழே நின்றிருந்தவருக்கு முகமெல்லாம் நம் பக்கத்து முகம். முப்பாட்டன் காலத்தில் கப்பலேறி வந்த குடும்பமாம். பேச்சுதான் முக்கால்வாசி பிடிபடவில்லை.

பூரி மாதிரி மெத்தென்று மஞ்சளாக இரண்டு, நடுவில் கொண்டைக்கடலைக் குழம்பு, மேலே புளிச் சட்னி, வெள்ளரிக்காய்த் துருவல். அத்தனையும் ஒரு காகிதத்தில் சுருட்டிக் கையில் கொடுத்தார். பெயர் டபுள்ஸ். உட்கார இடமில்லை, எல்லோரும் நின்றுகொண்டே கையில் வழிய வழியத் தின்றார்கள். ஓட்டல் டிபன் விலைக்கு இதில் பத்துப் பதினைந்து வாங்கலாம். கறியும் இல்லை, மீனும் இல்லை. கங்கப்பன் இரண்டு தின்றுவிட்டு, இன்னும் ஒன்று வாங்கி, அதைத் தின்னும்போது கண்ணை மூடிக்கொண்டார். தன் சட்டம் கடல் தாண்டியும் செல்லும் என்பதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

ஆனால் வண்டிக்காரர் பத்து மணிக்கெல்லாம் குடையை மடக்கிவிடுவார். மதியம் அங்கிருந்த ஃபாக்டரி கேன்டீனில் சோறும் பருப்பும் கிடைத்தது. ராத்திரிதான் சிக்கல். நாலாம் நாள் புதன்கிழமை, பொழுது சாயும் நேரத்தில் ஊர் நடுவில் இருக்கும் பெரிய மைதானத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தார். வரிசையாகக் கடைகள். ஒவ்வொன்றிலும் கறி சுடுகிற புகை. அந்த வாசனைக்கு நடுவே வாயை மூடிக்கொண்டு நடந்ததற்கே பெருமாள் ஒரு தனி வரம் கொடுத்திருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு வண்டி. பெரிய அண்டாவில் ஏதோ கொதிக்கிறது. பலகையில் சோள சூப் என்று இங்கிலீஷில் எழுதி, ஓரத்தில் உருண்டையாக ஒரு பச்சைப் புள்ளி.

இங்கேதான் கங்கப்பன் மாட்டிக்கொண்டார். நம் ஊரில் சாப்பாட்டு பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இவரோ இருபத்திரண்டு வருஷமாக அந்தப் புள்ளியோடு குடும்பம் நடத்துகிறவர். அது ஒரு மில்லிமீட்டர் நகர்ந்து விழுந்தாலும் மெஷினை நிறுத்திவிடுவார். அந்தப் புள்ளியைப் பார்த்த பிறகு 'இது சைவமா' என்று கேட்பதே அவருக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றியது. ஒரு கப் வாங்கினார்.

கடலைப்பருப்பு மாதிரி ஒரு பருப்பு குழைந்து கிடந்தது. துண்டு துண்டாக நறுக்கிய சோளக்கதிர், பூசணி, மாவு உருண்டை, ஓமவல்லி வாசனை. உருண்டையை வாயில் போட்டதும் வீட்டுக் களி ஞாபகம் வந்துவிட்டது. அடியில் மெத்து மெத்தென்று உப்பாகச் சில துண்டுகள் இருந்தன. மீல்மேக்கர் என்று முடிவு கட்டினார். கம்பெனி கேன்டீனில் வாரத்துக்கு மூன்று நாள் மீல்மேக்கர் குழம்பு தின்பவருக்கு உலகத்தில் மெத்தென்று இருப்பதெல்லாம் மீல்மேக்கர்தான். கடைக்கார அம்மாள் கறுத்து உயர்ந்தவர், அறுபது வயதிருக்கும். எல்லோரும் மிஸ் யூனிஸ் என்று கூப்பிட்டார்கள். இவர் தின்கிற ருசியைப் பார்த்து, கேட்காமலேயே இன்னும் அரைக் கரண்டி ஊற்றினார்.

வியாழக்கிழமையும் போனார். வெள்ளிக்கிழமை ஹரீஷ்குமாரையும் இழுத்துக்கொண்டு போனார். "இந்த மாதிரி மீல்மேக்கர் நம்ம ஊர்ல யாருக்கும் செய்யத் தெரியாதுடா" என்று வழியெல்லாம் பெருமை. அவன் இரண்டு வாய் குடித்தான். பிறகு கரண்டியில் ஒரு துண்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான்.

"கங்கண்ணா, மீல்மேக்கர்ல எலும்பு இருக்குமா?"

சின்ன எலும்பு. உப்பில் ஊறப்போட்ட பன்றிவால் என்று பக்கத்தில் நின்று குடித்துக்கொண்டிருந்த ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். அதுதான் ருசி என்றும் சொன்னார்.

கங்கப்பன் பாதி கப்பை அப்படியே பலகைமேல் வைத்துவிட்டு, மிஸ் யூனிஸ் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மூன்று நாள். ஆசைப்பட்டு, அரைக் கரண்டி அதிகமாகவே. அவருக்குத் தன்மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. சுவேதாவின் முகம் கண்ணிலேயே நின்றது. ஒரு மாதம் வாயைக் கட்ட முடியாத தகப்பனுக்குப் பேரப்பிள்ளை ஒரு கேடா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை, வேலை இல்லை. காலை ஏழு மணிக்கு டபுள்ஸ் வண்டிக்குப் போய், ஒன்றும் வாங்காமல் ஓரமாக நின்று வீட்டுக்கு வீடியோ கால் போட்டார். அங்கே சாயங்காலம் நாலரை. நாராயணம்மா நெற்றியில் நாமத்தோடு வந்தாள். பூஜை முடித்த களை முகத்தில் இருந்தது.

"நாராயணம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சி."

"மெஷின் எதனா ஒடச்சிட்டீங்களா?"

"மெஷின் நல்லாத்தான் ஓடுது. நான்தான்… மூணு நாளா கவிச்சி தின்னுட்டேன். தெரியாமத்தான். மீல்மேக்கர்னு நெனச்சிக்கினு."

நாராயணம்மா ஒரு கணம் வாயைத் திறந்தபடி பார்த்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"சிரிக்கறியா நீ?"

"பின்ன அழுவாங்களா? எனக்கு மொதல்லியே தெரியும். நீங்க பொட்டி கட்டறப்பவே பெருமாளு கிட்ட சொல்லிட்டேன். சாமி, இவரு ஊரு விட்டு ஊரு போறாரு, இவரு வாயிக்கு நான் ஜவாப்தாரி இல்ல, இவரத் தனியா உட்டுருன்னு."

கங்கப்பனுக்கு அப்பாடா என்றும் இருந்தது, கொஞ்சம் ரோஷமாகவும் இருந்தது. அதற்குள் பின்னாலிருந்து சுவேதாவின் குரல் வந்தது.

"அவ்ளோதான் சொல்லுதா? மிச்சத்தையும் சொல்லச் சொல்லுங்கப்பா. உங்க பங்குக்கு அம்மா ராத்திரி சோத்தையே உட்டுடுச்சி. பத்து நாளாச்சி. ஒரு டம்ளர் மோரு குடிச்சிட்டுப் படுத்துக்குது."

"நீ சும்மா இருடி" என்றாள் நாராயணம்மா.

கங்கப்பன் போட்ட சத்தத்தில் டபுள்ஸ்காரர் கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டார். "சுகர் மாத்தர போடறவ ராத்திரி பட்டினி கெடப்பாளா? அறிவு இருக்குதா உனக்கு? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சின்னா பிள்ளத்தாச்சிப் பொண்ண யாரு பாக்கறது?"

"கத்தாதீங்க. சாமிகிட்ட சொன்னது சொன்னதுதான்."

"நீ இருக்கறது என் பங்குதான? என் பங்க எனக்கே குடுத்துரு. மிச்ச நாளு நானே இருந்துக்கறேன்."

"அங்க இன்னா தின்னுட்டு இருப்பீங்க? காத்தையா?"

அவர் போனைத் திருப்பி வண்டியைக் காட்டினார். அவள் பார்த்தாள். "இது காலைக்கி ஆச்சி. ராத்திரிக்கி? திரும்ப அந்த மீல்மேக்கர் கடைக்கா?" என்றாள். சிரிப்பு இப்போது இல்லை. "இத பாருங்க. உங்க பசி எனக்குத் தெரியும். வயிறு காஞ்சா மறுபடியும் எதையோ தின்னுட்டு வந்து நிப்பீங்க. கவிச்சி படாத நல்ல சோறு உங்களுக்குக் கெடைக்குதுன்னு எங்கண்ணால பாக்கணும். எட்டரைக்கி இங்க சாப்புடற நேரம். அதுக்குள்ள காட்டுனீங்கன்னா நான் தட்டு வெக்கறேன். இல்லனா மோருதான்."

அங்கே எட்டரை என்றால் இங்கே பதினொன்று. நாலு மணி நேரம். உலகத்துக்கே கடை சொன்ன கங்கப்பன், தன் பெண்டாட்டி ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்பதற்காக முதல்முறையாகக் கடை தேடினார். இரண்டு தெரு சுற்றினார். நாலு கடையில் எட்டிப் பார்த்தார். சில கடைகள் ராத்திரி இருக்காது. ராத்திரியும் திறந்திருக்கும் ஒன்றில் சைவம் உண்டு என்றார்கள், ஆனால் கோழி வறுத்த சட்டியிலேயே கத்தரிக்காய் கிடந்தது. நாராயணம்மா பார்த்தால் போனிலேயே தண்ணீர் தெளிப்பாள்.

அப்போதுதான் அவருக்குள் இருந்த பழைய கங்கப்பன் விழித்துக்கொண்டார். சாயங்காலம் சூப் விற்கிறவர் காலையில் காய் வாங்கித்தானே ஆக வேண்டும்? அந்த அம்மாளிடமே கறி போடாமல் ஒரு கப் கேட்டால் என்ன? டபுள்ஸ்காரரிடம் வழி கேட்டு மார்க்கெட்டுக்கு ஓடினார். அங்கே, ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டியைக் கிளறிச் சண்டை போடும் பெண்களைப் போலவே, மிஸ் யூனிஸ் ஒரு சோளக்கதிரை உரித்து வியாபாரியின் மூக்குக்கு நேராக ஆட்டிக்கொண்டிருந்தார்.

கங்கப்பனைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. என் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டுப் போன ஆள் இதுவரை ஒருவரும் கிடையாது என்றார். கங்கப்பன் தன்னிடம் இருந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டினார். "மேடம். சூப் வெரி குட். மீட், ஐ நோ ஈட். ஒன் மந்த் ஃபாஸ்டிங். யுவர் போர்டு, கிரீன் டாட்…"

பச்சைப் புள்ளியா? மிஸ் யூனிஸ் யோசித்தார். பிறகு மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். முன்னே அவர் இளநீர் விற்றவராம். அவர் தம்பி வரைந்த இளநீர்க்காய் அது. தம்பிக்கு வரையத் தெரியாது.

சிரித்து முடித்ததும், எதற்காக விரதம் என்று கேட்டார். கங்கப்பன் வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டி, "மை டாட்டர்" என்றார். இரண்டு விரலைக் காட்டி, "டூ பேபி, கான்" என்றார். அதற்கு மேல் இங்கிலீஷ் வராமல், மூன்றாவது விரலை நீட்டிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மிஸ் யூனிஸ் கையிலிருந்த சோளத்தைக் கீழே வைத்தார். விரதம் என்று முதலிலேயே ஏன் சொல்லவில்லை, என் பக்கத்து வீட்டிலும் இந்த மாதமெல்லாம் விரதம்தான், எனக்குத் தெரியாதா என்று அதட்டினார். பிறகு சோள மூட்டையைக் காட்டினார். கங்கப்பன் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் பின்னாலேயே வேன் ஏறினார். மூட்டை தூக்குகிறவன் பின்னால் போவதே வழக்கமாக இருந்தவருக்கு அன்று தானே மூட்டை தூக்கியதில் ஒரு சந்தோஷம்.

வீடு ஒரு மேட்டுத் தெருவில். அந்த அம்மாள் மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பாத்திரமும் கரண்டியும் நீட்டினாள். இதில் ஒரு நாளும் கறி பட்டதில்லை என்று மிஸ் யூனிஸ் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். கொல்லைப்புறத்தில் தனியாக ஒரு அடுப்பு மூட்டினார். பருப்பு, பூசணி, சோளம், தேங்காய்ப்பால். ஓமவல்லித் தழையைக் கிள்ளிப் போட்டார். மிளகாயை உடையாமல் முழுசாக மிதக்கவிட்டார். கங்கப்பன் சும்மா இருப்பாரா? மாவு உருண்டையை அவரே உருட்டினார். களி உருட்டிப் பழகிய கை ஆயிற்றே. உருண்டைகள் ஒரே அளவில் விழுந்ததைப் பார்த்து அந்த அம்மாள் புருவத்தைத் தூக்கினார். இனி ஊருக்குப் போகும்வரை தினம் சாயங்காலம் இந்தச் சின்னப் பாத்திரம் வண்டியில் தனியாக இருக்கும் என்றும் சொல்லிவிட்டார்.

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது போனைப் போட்டார்.

நாராயணம்மா பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்பவளைப் போல முகத்தைத் திரையருகே கொண்டு வந்தாள். "கரண்டி வேறயா?" என்றாள். கங்கப்பன் சொல்வதற்குள், என்ன கேட்டாள் என்று புரிந்ததோ இல்லையோ, மிஸ் யூனிஸ் கரண்டியைக் கழுவி உயர்த்திக் காட்டினார். நாராயணம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பதிலுக்கு அந்த அம்மாளும் கரண்டியோடு கும்பிட்டார்.

"சரி. உங்க பங்கு உங்களுக்கு" என்றாள் நாராயணம்மா. "போன வெச்சிடுங்க, நான் சாப்டுக்கறேன்."

"வெக்க மாட்டேன். பாத்தாத்தான் நம்புவேன்."

"நீங்க பாத்துக்கினு இருந்தா எப்பிடிங்க சாப்புடறது?"

சுவேதா ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து தட்டை வைத்தாள். களி, மொச்சைக் குழம்பு. போனைச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். நாராயணம்மா பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டு முதல் வாய் வைத்தாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இவர் சாப்பிட்டுக் கை கழுவிப் போன பிறகுதான் அவள் அடுப்படியில் உட்காருவாள். இந்தூரில் எவன் எதை எப்படித் தின்கிறான் என்று தெரிந்து வைத்திருந்தவருக்கு, தன் பெண்டாட்டி களியைச் சுண்டைக்காய் அளவுக்குத்தான் கிள்ளுவாள் என்று தெரியாது. மொச்சையை ஒதுக்கி வைத்துவிட்டு, கடைசியில் ஒன்றொன்றாக ஆசையாக எடுத்துத் தின்பாள் என்றும் தெரியாது. பத்து நாள் பசி அவள் விரல்களில் தெரிந்தது. மெதுவாகத் தின்ன முயன்றாள், முடியவில்லை. கங்கப்பன் தன் கையிலிருந்த கப்பைக் குடிக்க மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் வந்தது. மிளகாய் உடைந்துவிட்டதோ என்று மிஸ் யூனிஸ் பாத்திரத்தைக் கிண்டிப் பார்த்தார்.

தட்டு காலியானது. நாராயணம்மா கை கழுவ எழப் போனாள்.

"உக்காரு" என்றார் கங்கப்பன். "சுவேதா, அம்மாக்கு இன்னும் அர உருண்ட வெய்யி."

"போதுங்க."

"வெய்யிம்மா."

சுவேதா வைத்தாள். நாராயணம்மா இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் சாப்பிட்டாள்.